கேள்வியின் இரு பொருள்

 

‘கேள்வி’ என்னும் சொல் வினாவையும் குறிக்கும், செவிமடுத்தலையும் குறிக்கும். வள்ளுவர் அதற்குத் தனி அதிகாரமே வகுத்தார். இவ்விரு பொருளையும் தம் பணியில் ஒருங்கே ஆண்டவர் நவநீதம் பிள்ளை அம்மையார்.

1860ஆம் ஆண்டு சென்னையிலிருந்து ‘டுரூரோ’ என்னும் கப்பல் ஒப்பந்தக் கூலிகளை நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஏற்றிச் சென்றது. 1911 வரை கப்பல்கள் சென்றுகொண்டே இருந்தன. இன்று கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து உழைப்போர் பலருக்கும் ஒப்பந்தத் தொழிலாளர் என்றே பெயர். இரு நிலையும் ஒன்றே என்பதன்று. ஆயினும் சொல்லை ஆள்வோர் அச்சொல்லைச் சற்றே உற்று நோக்கலாம்.

அக்கூலிகளின் மரபில், பேருந்து ஓட்டுநர் ஒருவரின் மகளாக 1941இல் டர்பனில் பிறந்தார் நவநீதம். ஊரார் திரட்டித் தந்த பொருளால் நேட்டால் பல்கலைக்கழகத்தில் பயின்று, 1965இல் சட்டப் பட்டம் பெற்றார். வெள்ளையர் ஊழியர் நிறப்பெண்ணிடம் ஆணை பெறலாகாது என்று சட்ட நிறுவனங்கள் அவரை மறுத்தன. எனவே 1967இல் தாமே அலுவலகம் திறந்தார். 1973இல் ராபன் தீவின் அரசியல் கைதிகள் வழக்கறிஞரைக் காணும் உரிமையை வழக்காடிப் பெற்றுத் தந்தார்.

இத்தனைக்கும் பின்னரே ஹார்வர்டில் மாணவியானார். 1982இல் சட்ட முதுகலை. 1988இல் முனைவர் பட்டம். பட்டம் பெற்றுப் பணிக்குச் செல்வது வழக்கம். அவர் பணியின் நடுவே பட்டத்துக்குச் சென்றவர். ஏட்டுக்கு முன்பே சாட்சியின் குரலை அறிந்திருந்தார் என்பதே அவர் கல்வியின் தனிச்சிறப்பு.

1994இல் ருவாண்டாவில் நிகழ்ந்த இன அழிப்பை விசாரித்த பன்னாட்டுத் தீர்ப்பாயத்துக்கு 1995இல் நீதிபதியாகத் தேர்வானார். அகாயேசு என்பவர் தாபா என்னும் ஊரின் ஆட்சித் தலைவராயிருந்தவர். அவர் மீதான குற்றப்பத்திரிகையில் பாலியல் வன்கொடுமை இடம்பெறவே இல்லை. 1997இல், வேறொன்றைக் குறித்துச் சாட்சியளித்துக்கொண்டிருந்த ஒரு தாய், தன் சிறுமகளுக்கு நேர்ந்ததையும் சொல்லிவிட்டார். நீதிபதிகள் மேலும் வினவினர்; அம்மூவருள் நவநீதம் ஒருவரே பெண். பின்னர் வேறு பெண்களும் வாய் திறந்தனர். அவ்வாண்டு ஜூனில் குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது. 1998 செப்டம்பர் 2ஆம் நாள் வந்த தீர்ப்பு, வன்புணர்ச்சியும் இன அழிப்புச் செயலாகலாம் என்று முதன்முறையாக நிலைநாட்டியது. 2008 முதல் 2014 வரை அவர் வகித்த ஐக்கிய நாடுகள் மனித உரிமை ஆணையர் பதவியினும் இத்தீர்ப்பே பெரிது.

கவிஞர்க்கு உரிய செய்தி ஒன்று அத்தீர்ப்பிலேயே உண்டு. சாட்சிகள் தம் கின்யாருவாண்டா மொழியில் அக்கொடுமையைச் சுட்டிய சொற்கள் பல. அவை பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் பெயர்க்கப்பட்டபோது என்னவாயின என்று ஆராயவே அங்கு ஒரு பகுதி ஒதுக்கப்பட்டிருக்கிறது.