முதல் பேட்டிக்கு உடுக்கும் உடை



சில மாதங்களுக்கு முன்பு, ஒரு மாலைப்பொழுதில், தில்லியில் எங்கள் குடியிருப்புக்கு அருகே வாழும் தமிழ் அம்மையார் ஒருவர் என்னைத் தேடி வந்தார். நான்கு வீடுகளில் சமையல் வேலை செய்து, மகனைப் பட்டப்படிப்பின் இறுதியாண்டு வரை கொண்டுவந்து சேர்த்தவர் அவர். "ஐயா, பையனைப் பேட்டிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். கோட்டும் டையும் இல்லாமல் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று கூடப் படிக்கிற பிள்ளைகள் சொல்கிறார்களாம். இந்த வளையலை அடகு வைத்து வாங்கிக் கொடுக்கலாமா? முதல் சம்பளத்தில் மீட்டுவிடுகிறேன் என்கிறான். உங்களை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று வந்தேன்" என்றார்.

அவருக்கு அன்று நான் சொன்ன விடையையே இன்று சற்று விரிவாக உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். பிற மாநிலங்களில் குடியேறி வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில் இக்கேள்வி எழுகிறது. குடும்பத்திலேயே முதன்முதலாக அலுவலக வேலைக்குச் செல்லும் பிள்ளைக்கு, என்ன உடுத்துவது என்று சொல்லித்தர வீட்டில் ஆள் இருப்பதில்லை. தெரியாத இடத்தில் அச்சம் புகுகிறது. அச்சம் புகுந்த இடத்தில் கடனும் புகுந்துவிடுகிறது.

முதலில், பேட்டி எங்கெல்லாம் உண்டு என்பதைத் தெரிந்துகொள்வோம். மத்திய அரசின் 'சி' பிரிவுப் பணிகளுக்கும், 'பி' பிரிவில் பதிவு பெறாத அதிகாரிப் பணிகளுக்கும் 2016 ஜனவரி முதல் நாள் தொட்டு நேர்முகத் தேர்வு நீக்கப்பட்டுவிட்டது. அங்கே எழுத்துத் தேர்விலும் திறன் தேர்விலும் பெறும் தகுதியே போதும். ஆனால் வங்கி அதிகாரிப் பணிகள், தனியார் நிறுவனங்கள், கல்லூரிக்கே வந்து ஆளெடுக்கும் கம்பெனிகள், விடுதிகள், பள்ளிகள் ஆகிய இடங்களில் பேட்டி இன்றும் உண்டு. இன்றைய பேச்சு அவற்றைப் பற்றியதே.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். 1972-ஆம் ஆண்டு, ஜனவரி மாதம். தஞ்சைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து கிராண்ட் டிரங்க் விரைவு வண்டியில் ஏறித் தில்லிக்கு வந்து, கரோல்பாகில் சித்தப்பா வீட்டில் தங்கி வேலை தேடிக்கொண்டிருந்தேன். ஒரு நிறுவனத்தில் கணக்கு எழுதும் வேலைக்கு அழைப்பு வந்தது. சித்தப்பா தம் நண்பரிடம் ஒரு கோட்டு இரவல் வாங்கி வந்தார். அந்த நண்பரோ என்னைவிட அரைச் சாண் உயரம். கோட்டின் கைகள் என் விரல்களின் பாதியை மறைத்தன. அந்துருண்டை நெடி வேறு மூக்கைத் துளைத்தது. தேர்வுக் குழுவில் ஒருவர், தேய்மானத்தைக் கணக்கில் எவ்வாறு எழுதுவது என்று கேட்டார். அது நான் கல்லூரியில் நல்ல மதிப்பெண் வாங்கிய பாடம். ஆயினும் கையை இழுத்து விட்டுக்கொள்வதிலேயே குறியாக இருந்த எனக்குக் கேள்வி காதில் விழவில்லை. மறுபடியும் கேட்டார். மூன்றாம் முறை, பக்கத்திலிருந்த மற்றொருவர், "குளிருகிறதா?" என்று பரிவோடு வினவினார். வேலை எனக்குக் கிடைக்கவில்லை. கோட்டு பெரிதாக இருந்த குற்றத்திற்காக அவர்கள் என்னை ஒதுக்கவில்லை. அவர்கள் கேட்ட கேள்விக்கு நான் அந்த அறையில் இல்லை, கோட்டுக்குள் இருந்தேன்.

இரண்டு மாதங்களுக்குப் பின் வேறோர் இடத்தில் அழைப்பு வந்தபோது, காலரைப் பிரித்துத் திருப்பித் தைத்து, சித்தி நீலம் போட்டு வெளுத்துத் தந்த என் பழைய வெள்ளைச் சட்டையோடு சென்றேன். அன்று நான் என்ன உடுத்தியிருந்தேன் என்ற நினைவே எனக்கு வரவில்லை. வேலை கிடைத்தது.

பின்னாளில் நானே தேர்வுக் குழுக்களில் அமர நேர்ந்தது. அங்கே கற்ற பாடம் இதுதான்: பேட்டிக்கு உடுக்கும் உடை மறக்கப்பட வேண்டும். உடுத்தவனும் அதை மறக்க வேண்டும். பார்ப்பவரும் மறக்க வேண்டும். அழுக்கு கண்ணை உறுத்தும், பகட்டும் உறுத்தும். இரண்டும் இல்லாதபோதுதான் கேட்பவரின் கவனம் பிள்ளையின் சொல்லின்மீது செல்லும். 'ஆள் பாதி, ஆடை பாதி' என்ற பழமொழியைப் பலரும் சொல்வார்கள். நான் அதைவிட, 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்பதையே பேட்டிக்கு உரிய பழமொழியாகக் கொள்வேன்.

இனி, ஆண்பிள்ளைகளுக்கு வேண்டுவன யாவை என்று பார்ப்போம். வெள்ளை அல்லது வெளிர்நீல முழுக்கைச் சட்டை ஒன்று. கருநீலம், சாம்பல், கறுப்பு ஆகியவற்றுள் ஒரு நிறத்தில் கால்சராய் ஒன்று. கறுப்புத் தோல் பெல்ட்டு, அதே நிறத்தில் மெருகிட்ட ஷூ, கால்சராயின் நிறத்தை ஒத்த காலுறை. இவ்வளவே. காலுறை குட்டையாக இருந்தால் நாற்காலியில் உட்காரும்போது காலின் தோல் தெரியும். ஆகவே சற்று நீண்டதாக வாங்குக. டை கட்டத் தெரிந்தால் கட்டலாம். தெரியாதவன் அன்று காலையில் கற்றுக்கொள்ள முயல வேண்டாம். அழைப்புக் கடிதத்தில் கோட்டு வேண்டும் என்று எழுதியிருந்தாலன்றி, மாணவன் ஒருவன் முதல் வேலைக்குக் கோட்டு அணிய வேண்டியதில்லை. எழுதியிருந்தாலும், தன் அளவே உள்ள தோழனிடம் இரவல் பெறலாம். பெருநகரங்களில் வாடகைக்கும் கிடைக்கிறது.

பெண்பிள்ளைகளுக்குப் பருத்திப் புடவையும் பொருந்தும், சல்வார் கமீஸும் பொருந்தும், முழுக்கைச் சட்டையும் கால்சராயும் பொருந்தும். எதை உடுத்திப் பழக்கமோ அதுவே சிறந்தது. புடவை கட்டிப் பழகாத பெண், மரியாதை கருதி அன்று மட்டும் புடவை கட்டிச் சென்றால், என் கோட்டின் கதையே அவளுக்கும் நேரும். புடவையின் தலைப்பையோ துப்பட்டாவையோ ஊக்கினால் குத்திக்கொள்க. கலகலவென ஒலிக்கும் வளையல்களைக் குறைத்துக்கொள்க. மல்லிகைச் சரம் நமக்கு மங்கலம். ஆனால் குளிர்சாதனம் பொருத்திய மூடிய அறையில் பூவின் மணமும் வாசனைத் தைலத்தின் மணமும் பலருக்குத் தலைவலி தரும். நெற்றியில் இடும் திருநீறும் குங்குமமும் அவரவர் வழக்கம். வேலைக்காக அழிக்க வேண்டியதில்லை.

உடை வாங்குவதைவிட முக்கியமானது ஒத்திகை. பேட்டிக்கு மூன்று நாள் முன்பாகவே முழு உடையையும் அணிந்து வீட்டில் நடந்து பாருங்கள், உட்கார்ந்து பாருங்கள், நிலைக்கண்ணாடியின் முன் அமர்ந்து சட்டைப் பொத்தான்கள் இழுபடுகின்றனவா என்று நோக்குங்கள். காலர் பொத்தானைப் பூட்டிய பின் இரண்டு விரல் நுழைய இடம் இருக்க வேண்டும். புது ஷூ காலைக் கடிக்கும். ஆதலால் ஒரு வாரம் வீட்டுக்குள் போட்டுப் பழகுக. முடி வெட்டிக்கொள்வதை இரண்டு நாள் முன்பே முடித்துக்கொள்க. முதல் நாள் இரவே இஸ்திரி போட்டு மாட்டி வைக்க வேண்டும். காலையில் மின்சாரம் இருக்கும் என்று நம்பி இருத்தல் ஆகாது. சான்றிதழ் உறையில் நூல் கோத்த ஊசி ஒன்றும் இரண்டு ஊக்குகளும் கிடக்கட்டும்.

ஊருக்கேற்ற எச்சரிக்கையும் வேண்டும். தில்லியின் ஜனவரிக் குளிரில் சட்டைக்குமேல் கழுத்து வெட்டிய ஸ்வெட்டர் ஒன்று போதும். மப்ளரையும் குல்லாவையும் அறைக்குள் நுழையுமுன் கழற்றிப் பையில் வைத்துவிட வேண்டும். மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. ரப்பர்ச் செருப்போடு புறப்பட்டு, ஷூவையும் உலர்ந்த காலுறையையும் பையில் கொண்டுபோய், அலுவலகத்துக்கு அருகில் மாற்றிக்கொள்ளலாம். கொல்கத்தாவிலும் சென்னையிலும் வியர்வை பெரும்பகை. உள்ளே பனியனும் வெளியே பருத்தி கலந்த சட்டையும் உதவும். முக்கால் மணி நேரம் முன்னதாகச் சென்றால், முகம் கழுவி, வியர்வை அடங்கி, தலைவாரிக்கொள்ள நேரம் இருக்கும்.

வேலையின் தன்மையையும் கருத வேண்டும். தொழிற்சாலை வேலைக்கான பேட்டியில் இயந்திரங்கள் ஓடும் கூடத்துக்கு அழைத்துச் செல்லக்கூடும். அங்கே தொங்கும் துப்பட்டாவும் தளர்ந்த சட்டைக் கையும் ஆபத்து. மூடிய ஷூ அவசியம். சில புதிய நிறுவனங்களில் எல்லோரும் ஜீன்ஸும் டீ-ஷர்ட்டும் அணிந்தே வேலை செய்கிறார்கள். அங்கும், அவர்கள் அன்றாடம் உடுப்பதைவிட ஒரு படி ஒழுங்காக உடுத்திச் செல்வதில் தவறில்லை. 2020-ஆம் ஆண்டு கொள்ளைநோய்க் காலத்திற்குப் பின், கணினித் திரை வழியாகவே நடக்கும் பேட்டிகளும் பெருகின. திரையில் மெல்லிய கோடு போட்ட சட்டை மினுமினுத்துக் கண்ணைக் கூசச் செய்யும். ஒரே நிறச் சட்டை நன்று. இடுப்புக்குக் கீழே தெரியாது என்று வீட்டு உடையில் அமராதீர்கள். ஏதோ ஒன்றை எடுக்க எழுந்தால் எல்லாம் தெரிந்துவிடும்.

வேட்டி கூடாதா என்று சிலர் கேட்பீர்கள். 2014-ஆம் ஆண்டு சென்னையில் வேட்டி அணிந்து வந்த உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவருக்கு ஒரு மன்றத்தில் அனுமதி மறுக்கப்பட்டது. அதே ஆண்டில், அத்தகைய தடை கூடாது என்று தமிழ்நாட்டுச் சட்டமன்றம் சட்டம் இயற்றியது. வேட்டியின் மரியாதை ஐயத்துக்கு அப்பாற்பட்டது. ஆனால் அச்சட்டம் தமிழ்நாட்டு எல்லைக்குள் செல்லுவது. தில்லியிலோ புணேயிலோ நடக்கும் ஒரு கம்பெனிப் பேட்டியில், இருக்கிற இருபது நிமிடத்தில் பேச்சு உங்கள் படிப்பைப் பற்றி நடக்க வேண்டுமா, வேட்டியைப் பற்றி நடக்க வேண்டுமா என்பதை நீங்களே முடிவு செய்க. தமிழாசிரியர் வேலைக்குச் செல்பவர் தூய வெள்ளை வேட்டியில் தாராளமாகச் செல்லலாம்.

கணிதமேதை இராமானுஜன் வேலை தேடி அலைந்த நாளில், 1910-ஆம் ஆண்டு வாக்கில், நெல்லூர்க் கலெக்டராக இருந்த இராமச்சந்திர ராவைக் காணச் சென்றார். அன்று அவர் முகம் மழிக்காமலும் அத்தனை தூய்மையில்லாமலும் வந்ததாக ராவ் பின்னாளில் எழுதியிருக்கிறார். ஆயினும் ராவ் அவரை மீண்டும் மீண்டும் வரச்சொல்லி, அவருடைய நைந்த நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தார். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் இராமானுஜனுக்குக் குமாஸ்தா வேலை கிடைத்தது. உடை பொருட்டல்ல என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். இன்றைய தேர்வுக் குழு உங்களை நான்கு முறை வரச்சொல்லிப் பார்க்காது. ஆனால் இறுதியில் பார்க்கப்படுவது நோட்டுப் புத்தகமே என்பதையும் மறக்க வேண்டாம். கோட்டுக்கு அலையும் நேரத்தில் பாதியைப் பாடத்துக்குக் கொடுங்கள்.

அந்த அம்மையாரிடம், "வளையல் உங்கள் கையிலேயே இருக்கட்டும், அம்மா" என்றேன். பையனிடம் ஏற்கெனவே ஒரு வெள்ளைச் சட்டை இருந்தது; இடுப்பில் தளர்வாயிருந்ததைத் தையற்காரர் பிடித்துக் கொடுத்தார். கால்சராயும் ஷூவும் மட்டுமே புதிதாக வாங்கினார்கள். முதல் பேட்டியில் வேலை கிடைக்கவில்லை. அம்மையார் வந்து, "கோட்டு இல்லாததால்தானோ?" என்று கேட்டபோது எனக்கும் மனம் சற்றுத் துணுக்குற்றது. பையன்தான் சொன்னான்: "இல்லை அம்மா. அவர்கள் கேட்ட இரண்டு கேள்விகளுக்கு எனக்கு விடை தெரியவில்லை. இப்போது படித்துவிட்டேன்." கேள்விகள் அவன் காதில் விழுந்திருக்கின்றன, அந்த வயதில் எனக்கு விழாதவை. அன்றே எனக்கு நம்பிக்கை பிறந்தது.

ஆறு வாரங்களுக்குப் பின், வேறோர் இடத்திலிருந்து அவனுக்கு நியமன உத்தரவு வந்தது. போட்டுச் சென்றது அதே சட்டைதான்.