முற்றத்து மண்ணும் கிணற்று நீரும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)





மேடையேறிப் பேசும் தகுதி எமக்கு உண்டென்று எண்ணி யாம் இங்கு வந்தோமல்லேம். பல்கலைக்கழகத்திலே இன்னும் பாடங் கேட்டுக்கொண்டிருக்கும் மாணவர் யாம். வயதிலும் அனுபவத்திலும் மூத்தோர் பலர் முன்வரிசையில் அமர்ந்திருக்கின்றனர். ஆயினும், இவ்வாண்டு இளைஞர் ஒருவரும் பேசவேண்டுமெனச் செயலாளர் அவர்கள் பணித்தமையால், நெடுநாளாக நெஞ்சில் உறுத்திக்கொண்டிருந்த ஒன்றை உங்கள் முன் வைக்கத் துணிந்தோம். சொல்லிற் குற்றமிருப்பின் பொறுத்தருளுக. பொருளிற் குற்றமிருப்பின் திருத்தியருளுக.

யாம் கற்றது ஒரு மிசன் கல்லூரியிலே. அங்கே நல்லாசிரியர் வாய்த்தனர். நல்ல ஆங்கிலமும் வாய்த்தது. ஏரிக்கரையிலே காற்றிலாடும் டாபொடில் மலர்களைப் பற்றிய ஆங்கிலச் செய்யுளை வரி பிசகாது ஒப்புவித்துப் பரிசும் பெற்றோம். அம்மலரை யாம் ஒரு நாளும் கண்டதில்லை. அதே காலத்தில், எம் வீட்டு வேலியிலே படர்ந்து, எம் ஆச்சி கொய்து வறைக்கு அரியும் கொடியின் பெயர் முசுட்டை என்பது பதினெட்டு வயது வரை எமக்குத் தெரியாது. குற்றம் கல்லூரியினதன்று, ஆச்சியிடம் கேளாதிருந்த எமதே.

இனி விடயத்துக்கு வருவோம். நம் மண்டபத்தின் முன்வளவு ஏறக்குறைய ஒரு பரப்பு. மாரியிலே அது சேறாகின்றது; விழாவுக்கு வருவோர் செருப்பைக் கையிலே தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருக்கின்றது. ஆகவே, வளவு முழுவதையும் சீமெந்துக் கல் பதித்து மூடுவதென்றும், கீழ்ப்புற வேலியில் நிற்கும் ஐந்து பூவரசுகளையும் தறித்து மதில் எழுப்புவதென்றும் சென்ற பொதுக்கூட்டத்திலே தீர்மானித்தோம். அன்பர் ஒருவர் பொருளுதவவும் முன்வந்தார். அன்று கையுயர்த்தியவர்களுள் யாமும் ஒருவர். எதிர்வரும் தை மாதத்தில் வேலை தொடங்கவிருக்கின்றது. அன்று உயர்த்திய கையை இன்று தாழ்த்துவதற்கே இங்கு நிற்கின்றோம்.

மனம் மாறியது எங்ஙனம் என்று கேட்பீர்கள். சென்ற ஆவணி மாதத்திலே, மண்டபத்துக் கிணற்றில் நீர் அள்ளி முகங் கழுவினோம். வாயிலே சவர் கரித்தது. அயல்வீட்டு ஆச்சி வேலியோரம் நின்று பார்த்துவிட்டு, 'தம்பி, இது முந்தி நல்ல தண்ணிக் கிணறடா. நாங்கள் குடிக்க அள்ளிக்கொண்டு போவம். சுத்திவரச் சீமெந்து போட்டாப்பிறகுதான் இப்பிடி' என்றார். ஆச்சி சொன்னது மட்டுமே முழுக்காரணம் என்று யாம் கொள்ளவில்லை. மின்பம்பிகள் பெருகி, துலாவால் அள்ளிய காலத்தினும் பன்மடங்கு நீரை இறைக்கின்றோம் என்பதும் உண்மையே. ஆனால் ஆச்சியின் சொல் எம்மை நூல்நிலையத்துக்கு அனுப்பியது. அங்கே அறிந்ததைச் சுருக்கமாகச் சொல்வோம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கையாறும் மாரியிலே ஓடிக் கோடையிலே வற்றுவது. நமக்குள்ள நன்னீரெல்லாம் வானத்திலிருந்து விழுந்து, மண்ணுக்கூடாக இறங்கி, அடியிலுள்ள சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தேங்கிய நீரே. மூன்று புறமும் கடலும் கடனீரேரியும் சூழ்ந்தமையால், அந் நன்னீர் உவர்நீரின்மேல் ஓர் ஆடைபோல மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால், அதன் கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் தாங்கப்படும் என்பது நீரியலார் கண்ட பொதுவிதி. மேலே சிறிது குறைந்தால் கீழே பெரிதும் குறையும், உவர் எழும். இதுவே கிணறு சவராகும் வழி.

இப்பொழுது ஒரு சிறு கணக்கு. குடாநாட்டில் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 1250 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது; அதிற் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரையிலே கொட்டித் தீர்கின்றது. ஒரு பரப்பு என்பது 10 பேர்ச்; அதாவது ஏறக்குறைய 253 சதுர மீற்றர். ஆகவே நம் முன்வளவில் மட்டும் ஓராண்டில் விழும் நீர் 3 இலட்சத்து 16 ஆயிரம் இலீற்றர். வீடுகளின்மேல் நாம் காணும் 1000 இலீற்றர்த் தாங்கிகள் 316 ஐ நிரப்பும் நீர்! அத்தனையும் கிணற்றைச் சேரும் என்று யாம் சொல்லவில்லை. வெயில் குடிப்பதும் வேர் குடிப்பதும் போக எஞ்சியதே கீழிறங்கும். ஆனால் இடைவெளியின்றிச் சீமெந்தால் மூடிவிட்டால், அந்த எஞ்சியதும் ஒழுங்கையால் ஓடி, வாய்க்காலில் விழுந்து, கடலுக்கே போய்ச் சேரும். மாரியில் வெள்ளமென்றும் கோடையில் வறட்சியென்றும் முறையிடும் நாம், இரண்டையும் நம் கையாலேயே செய்துகொள்கின்றோம் அன்றோ?

அன்பர்களே, நம் முன்னோர் வளவை மூடவில்லை, வேலியடைத்தனர். கிளுவையும் பூவரசும் முள்முருக்கும் கதியாலாக நின்றன. பூவரசங்குழை ஆட்டுக்கு உணவாயிற்று, தோட்டத்துக்குப் பசளையாயிற்று, பிள்ளைகளுக்குப் பீப்பியுமாயிற்று. வேலியின்மேல் முசுட்டையும் குறிஞ்சாவும் படர்ந்தன. வேலியோரத்தில் ஆடாதோடையும் நொச்சியும் நின்று வைத்தியசாலையாயின. 1995 ஆம் ஆண்டின் இடப்பெயர்விலே வீட்டையும் வேலியையும் விட்டு நடந்தவர்கள் இச்சபையிலே பலர் இருக்கின்றனர். போர்க்காலத்திலே பனைகள் எண்ணிறந்தன அழிந்தன. 2009 க்குப் பின்னர் வீடுகள் மீண்டும் எழுந்தபோது, பல இடங்களில் வேலி நின்ற நிலத்திலே மதில் எழுந்தது. பாதுகாப்புத் தேடிய மக்களை அதற்காக யாம் குறைகூறோம். ஆனால் வேலியோடு போனவை எவையென்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஒன்று சொல்வோம். கறிவேப்பிலைக் கன்றிலே பறவையின் எச்சம்போல ஒரு புழு ஒட்டியிருப்பதைக் கண்டிருப்பீர்கள். சில நாளில் அது பச்சை நிறமாகும். பின்னர் கூட்டுப்புழுவாகி, கரிய சிறகுள்ள அழகிய வண்ணத்துப்பூச்சியாகப் பறக்கும். அப்புழு கறிவேப்பிலை, தேசி முதலிய ஒரே குடும்பத்துச் செடிகளையே உண்ணும். கொன்றை இலையை உண்டு மஞ்சட் பூச்சி வளர்கின்றது. எருக்கலையை உண்டு செம்மஞ்சட் பூச்சி வளர்கின்றது. எந்தப் புழுவுக்கு எந்த இலை என்பது இலட்சக்கணக்கான ஆண்டுகளாக அமைந்த உறவு. கடையில் வாங்கிய அழகுச் செடி பச்சையாக நிற்கலாம். அதை உண்ண அறிந்த புழு இங்கே இல்லையாயின், குஞ்சுக்கு இரை தேடும் தேன்சிட்டுக்கும் தையற்சிட்டுக்கும் அது வெறும் மேசையே.

இதனால், வெளிநாட்டுச் செடி யாவும் பகையென்று யாம் கூறுவதாகக் கொள்ளற்க. நம் மிளகாயும் பப்பாசியும் அமெரிக்காக் கண்டத்திலிருந்து வந்தவை. ஈழத்தலரி என்று நம் நாட்டின் பெயரையே சுமந்து நிற்கும் மரமும் அங்கிருந்து வந்ததே. வந்தவர் எல்லாரும் பகைவரல்லர். வந்து பிறரை வாழவிடாதவரே பகைவர். ஆற்றையும் குளத்தையும் மூடும் ஆகாயத்தாமரையைத் தடுப்பதற்கு 1909 ஆம் ஆண்டிலேயே இலங்கையிற் சட்டம் இயற்ற நேர்ந்தது. இன்று நம் வெறும் வளவுகளிலே பார்த்தீனியம் வெள்ளைப் பூப் பூத்து நிற்கின்றது; தொட்டவர்க்குச் சொறியும், மூச்செடுத்தவர்க்கு இழுப்பும் தருகின்றது. நல்ல செடியை நாம் நடாத இடத்திலே கெட்ட செடி தானே முளைக்கும்.

பெரியோர்கள் கூறக்கூடிய தடைகளை யாம் அறிவோம். நான்கினை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, சேறு. மாரி நாளில் மூன்று முறை குடையோடு நின்று பார்த்தோம். வளவு முழுவதும் சேறாகவில்லை. கூரைநீர் பீலியின்றி விழும் இடத்திலும், அது ஓடும் தடத்திலுமே சேறானது. பீலி பொருத்தி, மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் தூரமாக ஒரு குழி தோண்டிக் கல்லும் மணலும் இட்டு, அந்நீரை அதனுள் இறக்கினால் சேறும் நீங்கும்; நிலமும் குடிக்கும்.

இரண்டாவது, கஞ்சல். பூவரசு இலை கொட்டும்; உண்மை. அதை நாம் கூட்டி அள்ளி மாலையிலே கொளுத்துகின்றோம். புகையை அயலார்க்கு அளிக்கின்றோம். அதையே மரத்தடியில் இட்டால் ஈரங்காக்கும் போர்வை. குழியில் தாட்டால் அடுத்த மாரிக்குப் பசளை.

மூன்றாவது, மயிர்க்கொட்டி. அது கூடாதென்று மரத்தையே தறிப்பது, மூட்டைப்பூச்சிக்கு அஞ்சி வீட்டைக் கொளுத்துவதை ஒக்கும். செண்பகம் வந்து தங்கும் வளவிலே மயிர்க்கொட்டிக்கு நெடுவாழ்வில்லை. நஞ்சு தெளித்தால் புழுவோடு புழுவுண்ணும் பறவையும் போகும். மறுமுறை புழு மட்டுமே வரும்.

நான்காவது, டெங்கு. இது விளையாட்டன்று, நம் ஊரிலே நோயுற்றுத் துன்புற்றவர் பலர். ஆகையால் இதனைத் தெளிவாகச் சொல்லவேண்டும். டெங்கு நுளம்பு மண்ணிலே முட்டையிடுவதில்லை. சிரட்டையிலும், தகரத்திலும், பழைய தயரிலும், பூச்சாடியின் கீழ்த்தட்டிலும், அடைபட்ட பீலியிலும் தேங்கிய நீரிலேயே பெருகும். நீரை உறிஞ்சும் மண் நுளம்புக்கு நண்பனன்று. சாடிகளை நிரைநிரையாக வைத்து அழகுபார்க்கும் வளவே அஞ்சத்தக்கது. அங்கும் கிழமைக்கொரு முறை தட்டைக் கவிழ்த்தாற் போதும்.

நம் சமயத்துக்கு இது புதியதன்று. கோயிலோடு தலவிருட்சமும் நந்தவனமும் தீர்த்தமும் அமைந்தன. திருக்கேதீச்சரத்துக்கு வன்னி தலவிருட்சமாதலை யாவரும் அறிவர். யப்பான் நாட்டிலே அக்கிரா மியாவக்கி (1928–2021) என்னும் தாவரவியலறிஞர், ஒவ்வோரூரின் இயற்கை மரங்கள் எவையென்று அறிய அந்நாட்டுக் கோயிற்சோலைகளையே ஆராய்ந்தார். அங்கே கண்ட இனங்களைக் கலந்து, நெருக்கமாக நட்டு, நகரத்துச் சிறு நிலங்களிலும் காடு வளர்த்தார். கோயிற்சோலை அவருக்கு ஏடாயிற்று. நமக்கு அந்த ஏடு வீட்டுக்கருகிலேயே இருக்கின்றது. பெருநகரத்துக்கு இது ஒவ்வாதென்றும் சொல்ல முடியாது. ஈரநிலங்களைத் தன்னகத்தே கொண்டமைக்காகக் கொழும்பு 2018 ஆம் ஆண்டில் ராம்சார் ஈரநில நகரமென ஏற்கப்பட்டது. யாழ்ப்பாண நகரின் நடுவே ஆரியகுளம் 2021 ஆம் ஆண்டிலே புதுப்பிக்கப்பட்டதையும் நாம் கண்டோம்.

ஆகவே எமது விண்ணப்பம் இது. தீர்மானத்தை முழுவதும் கைவிடுக என்று கேட்கவில்லை. திருத்துக என்றே கேட்கின்றோம். முதியோரும், சக்கர நாற்காலியில் வருவோரும் இடர்ப்படாதபடி படலையிலிருந்து மண்டபம் வரை ஒரு நல்ல கற்பாதை அமையட்டும். எஞ்சிய நிலம் மண்ணாகவே இருக்கட்டும். அங்கே அறுகு பரவட்டும். அதன் வேர் மண்ணைப் பிடிக்கும். கோடையிற் கருகினாலும் முதல் மழைக்குத் தளிர்க்கும். பூவரசு ஐந்தும் நிற்கட்டும். அவற்றிடையே கிளுவைக் கதியால் நடுவோம். மேற்குப்புறத்திலே ஒரு கொன்றையும் ஒரு நாவலும், கிணற்றுக்கு எட்ட ஒரு விளாவும் வைப்போம். கறிவேப்பிலை, ஆடாதோடை, நொச்சி, தூதுவளை என்பன ஓரங்களில் நிற்கும். முசுட்டைக்கு வேலி உண்டு. மதிலுக்கென ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கு பீலிக்கும் நீரிறங்கு குழிக்கும் போதும். பொருளுதவும் அன்பர் விரும்பின், எஞ்சியது நூல்நிலையத்துக்கு ஆகட்டும்.

உழைப்பு எவருடையது என்று கேட்பீர்களாயின், எம்முடையது. இளைஞர் பன்னிருவர் பெயர் தந்திருக்கின்றனர். வரும் ஐப்பசியில் முதல் மழையோடு நடுவோம், முதற் கோடையிலே முறைவைத்து நீரூற்றுவோம், ஞாயிறுதோறும் கூட்டுவோம், பார்த்தீனியத்தைப் பூக்குமுன் கையுறை அணிந்து வேரோடு பிடுங்குவோம். கன்றுகளின் பெயரும் பயனும் அறிந்த ஆச்சிமாரையும் அப்புமாரையும் எமக்கு ஆசிரியராக வருமாறு வேண்டுகின்றோம். அவர்கள் சொல்லச்சொல்ல எழுதிவைப்போம். அவ்வறிவு எந்தக் கல்லூரியிலும் எமக்குக் கிட்டாதது. அவர்களோடு போய்விட்டால் எவருக்குமே கிட்டாதது.

இரண்டு ஆண்டு பொறுத்திருந்து பாருங்கள். அப்போதும் வளவு சேறாயிருந்தால், சீமெந்துக் கல்லை யாமே தலையிற் சுமந்து வந்து பதிப்போம். சீமெந்தை எந்த ஆண்டிலும் போடலாம். ஐம்பது ஆண்டுப் பூவரசை ஒரு காலையிலே தறித்துவிட்டால், அதை மீண்டும் பார்க்க எம் பேரர் காலம் ஆகும்.

அயல்வீட்டு ஆச்சி என்றாவது ஒரு நாள் வேலியோரம் வந்து, நம் கிணற்றிலே ஒரு குடம் குடிதண்ணீர் அள்ளிக்கொண்டு போவாராயின், அதுவே எமக்குப் பரிசு. அது விரைவில் நடக்குமென்று உறுதி கூற எம்மால் இயலாது. ஒரு வளவு திருந்தியதனால் ஒரு கிணறு திருந்திவிடாது; அயலும் திருந்தவேண்டும். ஆனால் யாரேனும் ஒருவர் தொடங்கவேண்டும். அது நம் சங்கமாயிருத்தல் தகாதோ?