அப்பாவின் தகரப் பெட்டி

(தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆசிரியரும் சங்க அமைப்பாளருமான தோழர் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றிப் பேசுவேன் என்று நினைத்து வந்திருப்பீர்கள். இன்று என் அப்பாவைப் பற்றிப் பேசப் போகிறேன். அதுவும் நம் உரிமைக் கதைதான்.

அப்பா கவ்வாத்துக்காரர். எழுத வாசிக்கத் தெரியாது. லயத்துக் காம்பராவில் ஒரு தகரப் பெட்டி வைத்திருந்தார். அதில் நகையோ காசோ இல்லை, எல்லாம் கடதாசி. எது எந்தக் கடதாசி என்று மடிப்பையும் கறையையும் பார்த்தே சொல்லிவிடுவார். கூரை ஒழுகினால் முதலில் பெட்டியை நகர்த்துவார், பிறகுதான் எங்கள் பாயை.

அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. இங்கே பிறந்தது மட்டும் போதாது, தகப்பன் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும் என்றது 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம். நம்மவர்களில் எத்தனை பேரிடம் தகப்பனின் பிறப்புப் பதிவு இருந்தது? லட்சக்கணக்கானோர் நாடற்றவர் ஆனார்கள். 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு, 300,000 பேரை இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. பெரியப்பா தலைமன்னாரில் கப்பலேறினார். அப்பா இங்கேயே நின்றார். 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை அவருக்கு எந்த நாடும் இல்லை.

அடுத்த வருஷம் எனக்குச் சாதாரண தரப் பரீட்சை. அடையாள அட்டை கேட்டார்கள். என் பிறப்புப் பதிவிலோ அப்பாவின் சரியான பெயர் இல்லை, தோட்டத்தில் கூப்பிடும் பெயர்தான் இருந்தது. அதைத் திருத்த ஓர் அலுவலகத்துக்கு ஏழு தடவை போனார். "அந்தக் கடதாசி எங்கே?", "ஐயா இல்லை, அடுத்த கிழமை வா." ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் பேர் போனது, பஸ் காசும் போனது. அந்தக் குறையை ஈடுகட்ட அம்மா ஞாயிறுகளில் கைக்காசுக்குக் கொழுந்து எடுத்தார்.

அப்பாவிடம் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். சம்பள நாளில் குடிப்பார். ஆனால் அந்த மாதங்களில் ஒரு சொட்டும் தொடவில்லை. "போதும்பா, விடுங்க" என்று நான் அழுதபோது, "பாதி மலையை வெட்டிட்டுக் கத்தியைப் போட்டுட்டு வருவாங்களா?" என்று கேட்டார்.

எட்டாவது தடவை பத்திரம் கிடைத்தது. அன்று இரவு அதில் இருந்த தன் பெயரை மட்டும் வாசிக்கச் சொன்னார். மூன்று தடவை வாசித்தேன். பிறகு மடித்துப் பெட்டியில் வைத்தார். நான் இன்று ஆசிரியராக நிற்பது அந்தப் பெட்டியால்தான்.

தோழர்களே, இந்தச் சிக்கல் இன்னும் தீரவில்லை. அடையாள அட்டையில் ஒரு பெயர், சேமலாப நிதிக் கணக்கில் வேறு பெயர் என்று இருந்தால், உழைத்த பணத்தைக் கையில் எடுக்க வயதான காலத்தில் அலைய வேண்டிவரும். ஆகவே இன்று இரவே உங்கள் பெட்டியைத் திறந்து பாருங்கள். பிள்ளைகள் எல்லோருக்கும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் இருக்கிறதா? உங்கள் பெயர் எல்லாக் கடதாசியிலும் ஒரே மாதிரி இருக்கிறதா? சேமலாப நிதிக்குப் பின்னுரித்தாளியாக யார் பெயரைக் கொடுத்திருக்கிறீர்கள்? பிழை இருந்தால் தலைவரிடமோ என்னிடமோ கொண்டு வாருங்கள். படிவத்தை நாங்கள் நிரப்பித் தருகிறோம், தேவைப்பட்டால் கூடவும் வருகிறோம்.

அப்பா எட்டுத் தடவையும் தனியாகப் போனார். நீங்கள் தனியாகப் போக வேண்டாம். சங்கம் இருப்பது அதற்குத்தான்.