வீட்டுக்கு ஏற்ற காவல் நாய்

மட்டக்களப்பு வாவியின் கடற்பக்கம் எழுவான்கரை. கதிரவன் மறையும் பக்கம் படுவான்கரை. படுவான்கரையில் வயல் வாடியையும் மாட்டுப் பட்டியையும் நாய் காக்கிறது. எழுவான்கரையில் இரவிலே படலை அசைந்தால் முதலிற் குரல் கொடுப்பதும் நாயே. இந்த ஊர்நாயோடு அமையாது, பெரிய காவற் சாதி நாயொன்றைக் கொண்டுவந்து வளர்க்க விரும்புவோரும் உளர். அவ்விருப்பம் தவறன்று. ஆயினும், நாயின் தோற்றத்தைப் பார்க்குமுன் வீட்டின் நிலையைப் பார்த்தல் வேண்டும்.

எடுத்துக்காட்டாக, தமிழ்நாட்டின் இராசபாளையம் நாயைக் கொள்ளலாம். அது வெண்மேனியும் இளஞ்சிவப்பு மூக்கும் உடையது. தோள்வரை ஏறத்தாழ 65 முதல் 75 சென்ரிமீற்றர் உயரம் வளர்வது. காட்டுப்பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் பெயர் பெற்றது. 2005ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை அதன் உருவந் தாங்கிய முத்திரையை வெளியிட்டது. குறுமயிர் உடையதாதலின், அடர்மயிர் கொண்ட குளிர்நாட்டு நாய்களைவிட இக்கரையின் வெப்பத்தை நன்கு தாங்கும். எனினும், இச்சாதியிற் பிறவிச் செவிடு காணப்படுவதுண்டு. குட்டி வாங்குவோர் அதன் பின்னே நின்று கைதட்டிப் பார்த்தல் நன்று.

இந்நாய் வீட்டாரிடம் அன்புடையது, அயலாரிடம் ஐயமுடையது. காவலுக்கு வேண்டிய குணம் அதுவே. துன்பத்துக்குக் காரணமாவதும் அதுவே. எழுவான்கரையில் வீடுகள் நெருங்கியவை. தண்ணீர் எடுக்கவும் செய்தி சொல்லவும் அயற்பிள்ளைகள் கேளாமலே வளவுக்குள் வருவர். தமிழர் ஊரும் முஸ்லிம் ஊரும் அடுத்தடுத்து அமைந்த இக்கரையில், சமய ஒழுக்கத்தால் நாயின் தீண்டலைத் தவிர்ப்போரும் அண்டை வீட்டாராவர். அவர்கள் அச்சமின்றி நடமாட வேண்டுமாயின், நாயின் உரிமை வேலிக்குள்ளேயே அடங்க வேண்டும். பெரிய நாய்க்குக் கிடுகு வேலி ஒரு தடையன்று.

வேலி இல்லையே என்று பகல் முழுதும் சங்கிலியிற் கட்டிவைப்பது தீர்வாகாது. ஓடவும் மனிதரோடு பழகவும் வழியற்ற நாய் வெகுளி மிகுந்து, அவிழ்ந்த அன்று ஆளறியாது கடித்தல் கூடும். வீட்டுத் தலைவர் அறுவடைக் காலத்தில் வாடியிலே தங்கிவிட்டால், அந்நாயை அடக்கி நடத்த வல்லவர் வீட்டில் யார்? அதற்கு விடையில்லையேல் குட்டியை வாங்காதிருத்தலே நலம்.

நாய் பெரிதானால் காட்டு யானை அஞ்சியோடும் என்று எண்ணுவதும் தவறு. யானையைச் சீண்டிய நாய் வெருண்டு எசமானிடம் திரும்பி ஓடிவருமாயின், சினங்கொண்ட யானையும் அதன் பின்னே வரும்.

எந்த நாயாயினும் ஆண்டுதோறும் விசர்நோய்த் தடுப்பூசி இடுவிக்க வேண்டும். உள்ளூராட்சி மன்றத்தில் நாயைப் பதிதற்கான கட்டளைச் சட்டம் 1901ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. கடி நேர்ந்தால், காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடுநீரில் 15 நிமிடங் கழுவி, உடனே மருத்துவமனை செல்லல் வேண்டும். விசர்நோயின் குறிகள் தோன்றியபின் உயிர் பிழைத்தல் மிக அரிது.

உறுதியான மதில், அகன்ற வளவு, நாள்தோறும் நடத்திச் செல்லும் கை, தீனிக்கும் மருந்துக்கும் பொருள் ஆகிய நான்கும் உள்ள இல்லத்துக்குப் பெரிய காவல் நாய் நல்ல துணை. இவற்றுள் ஒன்று குறைந்தாலும், வேளைக்குச் சோறும் ஆண்டுக்கொரு ஊசியும் பெற்ற ஊர்நாயே போதும். வருவோரை அறிவிக்கும் குரலே பெரும்பாலான வீடுகளுக்கு வேண்டிய காவல்; அதனை ஊர்நாய் குறைவறத் தரும்.