மலையைப் பார்க்க வருகிறவர்களின் காசு எங்கே போகிறது?

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் தலைவிமார் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பதுளை ரயிலில் இப்போது நமக்கு உட்கார இடம் கிடைப்பதில்லை. தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்கப் போகிற வெளிநாட்டார் வாசலில்கூடத் தொங்கிக்கொண்டு போகிறார்கள். வரட்டும். அவர்களுக்கு எதிராகப் பேச நான் வரவில்லை.

2024இல் 20 இலட்சத்துக்கும் அதிகமான உல்லாசப் பயணிகள் இலங்கைக்கு வந்தார்கள். அவர்களால் நாட்டுக்குக் கிடைத்தது 300 கோடி டொலருக்கு மேல். அதே வருடம் தேயிலை ஏற்றுமதியில் கிடைத்தது சுமார் 140 கோடி. 1867இல் தொடங்கி நாம் தலைமுறை தலைமுறையாகச் சுமந்த தேயிலையைவிட இரண்டு மடங்கு. அவர்கள் படம் பிடிக்கிற பச்சை மலை தானாக வளர்ந்த காடா? கவ்வாத்து வெட்டி, புல்லு வெட்டி, கொழுந்து பறித்து நாம் வைத்திருக்கிற மலை.

அந்தக் காசு வழியிலேயே பல இடங்களில் இறங்கிவிடுகிறது. விமான டிக்கெட் காசு பெரும்பாலும் வெளிநாட்டுக் கம்பெனிக்கு. இணையத்தில் அறை பதிந்தால் அந்தத் தளத்துக்குக் கமிஷன். மேசையில் வைக்கிற வைனும் சீஸும் இறக்குமதி. மிச்சம் முதலாளிக்கு. பழைய துரை பங்களாக்கள் ஹோட்டலாகிவிட்டன. கந்தப்பளையில் ஒரு தேயிலை பெக்டரியே ஹோட்டலாகி நிற்கிறது. லயத்துக்கு வந்து சேர்வது நம் பிள்ளையின் சம்பளம் மட்டும்தான்.

அதுவும் நிலையில்லை. 2018இல் வந்தவர்கள் 23 இலட்சத்துக்கும் மேல். 2019 ஏப்ரல் 21இல் குண்டு வெடித்தது. அடுத்த வருடம் கொரோனா. 2021இல் 2 இலட்சம் பேர்கூட வரவில்லை. எங்கள் தோட்டத்துப் பையன் ஒருவன் ஒரு ஹோட்டலில் மூன்று வருடம் வேலை செய்தான். நியமனக் கடிதமும் இல்லை, ஈபிஎப்பும் இல்லை. 2019 மே மாதம், “பிறகு கூப்பிடுகிறோம்” என்று அனுப்பினார்கள். இன்னும் கூப்பிடவில்லை. அம்மா பேர் போட்ட நாட்களில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது.

நாட்டுக்கும் அதே கதிதான். வாங்கிய கடன் ஒரு பக்கம், 2021இல் உரத்தை நிறுத்தியது ஒரு பக்கம், பயணிகளின் டொலர் நின்றது இன்னொரு பக்கம். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கமே அறிவித்தது. மண்ணெண்ணெய்க்கு நின்ற வரிசை உங்களுக்கு மறந்திருக்காது.

ஆனாலும் ஹோட்டலுக்குப் போகாதே என்று பிள்ளைகளிடம் சொல்ல மாட்டேன். 2024இல்தான் நமது அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாய் ஆனது. இதை வைத்துக்கொண்டு எந்த முகத்தோடு சொல்வது?

போகிற பிள்ளை கேட்டு வாங்க வேண்டியவை உண்டு. ஈபிஎப்புக்கு நம் சம்பளத்தில் 8 வீதம் பிடித்தால், முதலாளி தன் கையிலிருந்து 12 வீதம் போட வேண்டும். ஈடிஎப்புக்கு இன்னும் 3 வீதம். நாட்கூலி, தற்காலிகம் என்று சொல்லித் தப்ப முடியாது. பில்லில் 10 வீதம் சேவைக் கட்டணம் எடுக்கிற ஹோட்டலென்றால், அதில் தன் பங்கு எவ்வளவு என்றும் கேட்க வேண்டும்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஹோட்டலில் வேலை செய்கிற பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். சம்பளச் சீட்டு இருந்தால் கொண்டு வரட்டும். இல்லாவிட்டால் வங்கிப் புத்தகம், வேலைக்குப் போன நாட்களைக் குறித்த கொப்பி, எதுவானாலும் சரி. அதை வைத்துத் தொழில் காரியாலயத்துக்கு முறைப்பாடு எழுதலாம்.