ஸ்டூடிபேக்கர்: ஒரு வண்டித் தொழிலின் கதை



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது, எந்தக் கடையிலும் புதிதாக விலைக்குக் கிடைக்காத ஒரு மோட்டார் வண்டியைப் பற்றி. அதன் பெயர் ஸ்டூடிபேக்கர். அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஃபோர்டு கம்பெனி தோன்றுவதற்கு அரை நூற்றாண்டு முன்னரே வண்டி செய்யத் தொடங்கியவர்கள் அந்தக் குடும்பத்தார். 1852 முதல் 1966 வரை, குதிரை இழுத்த காலத்திலும் எந்திரம் இழுத்த காலத்திலும் அவர்கள் பெயரால் வண்டிகள் வந்துகொண்டேயிருந்தன. அத்துணை நெடுங்காலம் நிலைத்த தொழில் எவ்வாறு நின்றது, நின்றபோது இழந்தவர் யார் என்பதை இன்று பார்ப்போம்.

இந்தியானா மாநிலத்தில் சௌத் பெண்ட் என்று ஓர் ஊர். 1852ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஹென்றி, கிளமெண்ட் என்னும் சகோதரர் இருவர் அங்கே ஒரு கொல்லர் பட்டறை திறந்தனர். கையிலிருந்த முதல் 68 டாலர். தந்தையும் கொல்லரே, தச்சும் இரும்பும் கலந்த வண்டித் தொழில் அவர்களுக்குக் குலவித்தை போன்றது. அவர்களுடைய தம்பி ஜான் மோலர், அக்காலத்து இளைஞர் பலரைப் போலவே, பொன் தேடி 1853இல் கலிபோர்னியாவுக்குப் புறப்பட்டார். பொன் வயல்களிருந்த பிளேசர்வில் என்னும் ஊரை அடைந்தபோது அவர் சட்டைப்பையில் எஞ்சியிருந்தது அரை டாலர். அங்கே ஒரு கொல்லர், சுரங்க வேலைக்காரர்களுக்கு ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி செய்து தர ஆள் வேண்டும் என்றார். ஜான் பொன்னைத் தோண்டப் போகவில்லை; தோண்டுவோருக்குத் தள்ளுவண்டி செய்தார். 'தள்ளுவண்டி ஜானி' என்ற பட்டப்பெயரும் 8,000 டாலர் சேமிப்பும் அவருக்குக் கிடைத்தன. 1858இல் ஊர் திரும்பிய அவர், அத்தொகையைக் கொடுத்து மூத்தவர் ஹென்றியின் பங்கை வாங்கிக்கொண்டார். ஹென்றிக்கு உழவுத் தொழிலில் நாட்டம். போரையே வெறுக்கும் ஒரு சமயப் பிரிவைச் சேர்ந்தவர் அவர். பட்டறைக்கோ படைத் துறையிலிருந்து வண்டி வேலை வரத் தொடங்கியிருந்தது.

உள்நாட்டுப் போர் வந்தது. வடபுலப் படைக்குச் சாமான் வண்டிகள் ஆயிரக்கணக்கில் தேவைப்பட்டன. போர் முடிந்தபின் மேற்கு நோக்கிக் குடியேறிய மக்களுக்கும் வண்டி வேண்டியிருந்தது. சில ஆண்டுகளில், உலகிலேயே பெரிய வண்டித் தொழிற்சாலை எங்களுடையதே என்று சகோதரர்கள் மார்தட்டிக்கொள்ளும் நிலை ஏற்பட்டது. கிளமெண்ட் ஒரு விந்தையான பொருளையும் விலைக்கு வாங்கினார். 1865ஆம் ஆண்டு ஏப்ரலில், தாம் சுடப்பட்ட அன்றிரவு ஆபிரகாம் லிங்கன் நாடக அரங்கத்துக்கு ஏறிச்சென்ற குதிரை வண்டிதான் அது. சௌத் பெண்ட் நகரத்து ஸ்டூடிபேக்கர் காட்சிசாலையில் அது இடம்பெற்றிருக்கிறது.

குதிரை வண்டியில் கொழித்தவர்கள் எந்திர வண்டியை எள்ளி நகையாடுவது இயல்பு. அமெரிக்காவில் வண்டி செய்தோருள் மிகப் பலர் அவ்வாறே இருந்து மறைந்தனர். ஸ்டூடிபேக்கர் குடும்பத்தார் தயங்கினர், ஆனால் தங்கிவிடவில்லை. 1902இல் மின்சாரத்தால் ஓடும் வண்டியைச் செய்தார்கள். அதை வாங்கியவர்களுள் தாமஸ் ஆல்வா எடிசனும் ஒருவர். 1904இல் பெட்ரோல் வண்டி வந்தது. குதிரை வண்டி செய்வதை அடியோடு நிறுத்தியது 1920இல்தான். பதினெட்டு ஆண்டுகள் இரண்டு குதிரைகளில் ஒருங்கே சவாரி செய்திருக்கிறார்கள் என்று சொல்லலாம்.

இனி ஒரு கசப்பான செய்தி. 1929க்குப் பின் உலகெங்கும் வாணிபம் சரிந்த காலத்தில் கம்பெனியின் தலைவராயிருந்தவர் ஆல்பர்ட் எர்ஸ்கின். மந்தம் விரைவில் நீங்கிவிடும் என்று அவர் நம்பினார். 1930இல் ஈட்டிய ஆதாயம் சிறிது. பங்குதாரர்களுக்கு ஈவுத்தொகையாகப் பகிர்ந்ததோ அதைப்போலப் பல மடங்கு. சேர்த்துவைத்த பணம் கரைந்தது. 1933இல் கம்பெனி கடனாளியாகி நீதிமன்றத்தின் பொறுப்பாளர் கையில் விழுந்தது. எர்ஸ்கின் அவ்வாண்டே தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். பால் ஹாஃப்மன், ஹெரால்டு வான்ஸ் என்னும் இருவர் கம்பெனியை மீட்டெடுத்தனர். இந்த ஹாஃப்மனே, இரண்டாம் உலகப்போருக்குப் பின் மார்ஷல் திட்டத்தின்கீழ் ஐரோப்பாவுக்கு உதவி வழங்கிய பணியை நடத்தியவர்.

மீண்டெழுந்த கம்பெனியின் சிறந்த குழந்தை 1939இல் வெளிவந்த 'சாம்பியன்'. எடை குறைந்த, பெட்ரோல் குறைவாகக் குடிக்கும் வண்டி அது. போர்க்காலத்தில் வண்டிகளுக்கு மாறாக லாரிகளும் விமான எந்திரங்களும் செய்தார்கள். ஏறத்தாழ இரண்டு இலட்சம் இராணுவ லாரிகள் செய்யப்பட்டன; அவற்றுள் பெரும்பகுதி சோவியத் நாட்டுக்குச் சென்று, அங்கே பனியிலும் சேற்றிலும் உழன்றது.

இவ்வண்டிகளை வைத்திருந்தவர்கள் அவற்றைப் பற்றி என்ன எண்ணினார்கள்? இதுதான் எனக்கு மிகவும் சுவையான பகுதி. அவர்கள் முதலில் புகழ்வது 'ஹில் ஹோல்டர்' என்னும் மலைப்பிடிப்பை. 1936இல் வந்த அமைப்பு இது. மேட்டில் வண்டியை நிறுத்திவிட்டு மீண்டும் கிளப்பும்போது, பிரேக்கிலிருந்து காலை எடுத்தவுடன் வண்டி பின்னோக்கி உருளும் அல்லவா? இதில் பிரேக் எண்ணெய் செல்லும் வழியில் ஒரு சிறு குண்டு வைத்திருந்தார்கள். வண்டி மேல்நோக்கிச் சாய்ந்து நிற்கும்போது அக்குண்டு தானே உருண்டு வழியை அடைக்கும். கிளட்சை மிதித்திருக்கும் வரையில் பிரேக் பிடித்தபடியே இருக்கும். கிளட்சை விட்டதும் பிரேக்கும் விடும். நீங்கள் பௌதிக வகுப்பில் படிக்கும் ஈர்ப்பு விசையே அங்கு வேலைக்காரன்! என் சிறு வயதில் எங்கள் ஊர் மருத்துவர் ஒருவரிடம் பழைய சாம்பியன் ஒன்று இருந்தது. ஏற்காட்டு மலைப்பாதையில் ஒரு வளைவில் முன்னே சென்ற பஸ் நின்றுவிட, இவரும் நிறுத்தினார். பின்னாலிருந்த வண்டிகளின் ஓட்டுநர்கள் இறங்கிக் கல் தேடிக்கொண்டிருந்தபோது, இவர் பிரேக்கிலிருந்து காலை எடுத்துக் காட்டிச் சிரித்தது எனக்கு நினைவிருக்கிறது.

அடுத்து அவர்கள் புகழ்வது ஓவர்டிரைவ். நெடுஞ்சாலையில் வேகம் கூடியபின், சக்கரம் சுழலும் அளவுக்கு எந்திரம் உழைக்க வேண்டாதபடி செய்யும் கூடுதல் பற்சக்கர அமைப்பு இது. இரைச்சல் குறையும், பெட்ரோலும் மிஞ்சும். எந்திரத்தைப் பற்றி அவர்கள் குறை சொல்வது அரிது. குறை சொல்வதெல்லாம் தகட்டைப் பற்றியே. முன் சக்கரங்களுக்கு மேலுள்ள மட்கார்டின் உட்புறத்தில் சேறு தங்கி, குளிர்நாட்டுச் சாலைகளில் தூவும் உப்போடு சேர்ந்து, தகட்டை அரித்துவிடும். எந்திரம் இளமையோடிருக்க உடல் மூப்படைந்துவிடும் என்பது அவர்கள் மனக்குறை.

தோற்றத்தைப் பற்றிக் கேலியும் உண்டு. போருக்குப் பின் பிற கம்பெனிகள் பழைய வார்ப்பையே சிறிது மாற்றி விற்றுக்கொண்டிருக்க, 1947ஆம் ஆண்டின் புத்தம் புதிய ஸ்டூடிபேக்கர் வந்தது. அதன் ஒரு வகையில் பின்பக்கக் கண்ணாடி பக்கவாட்டிலும் வளைந்து சூழ்ந்திருந்தது. வண்டி வருகிறதா போகிறதா என்றே தெரியவில்லை என்று நகைத்தார்கள். நகைத்தவர்களும் வாங்கினார்கள். 1950ஆம் ஆண்டு வண்டியின் மூக்கு விமானத்தின் மூக்கைப்போல் கூர்ந்திருந்தது. கம்பெனி மிகுதியாக விற்ற ஆண்டுகளுள் அதுவே தலையாயது. 1953இல் வந்த தாழ்ந்த, நீண்ட கூப்பே வண்டியை அமெரிக்காவின் அழகிய வண்டிகளுள் ஒன்றாக இன்றும் வைத்துப் பேசுகிறார்கள். புகழெல்லாம் ரேமண்ட் லோயி என்னும் புகழ்பெற்ற வடிவமைப்பாளருக்குச் சென்றது. அவர் கூடத்தில் அமர்ந்து வரைந்தவரோ ராபர்ட் பர்க். இத்தகைய நேர்வுகள் எல்லாத் தொழில்களிலும் உண்டு.

அந்த அழகே ஒரு தொல்லையையும் கொண்டுவந்தது. மக்கள் செடான் வண்டிகளையே மிகுதியாகக் கேட்பார்கள் என்று எண்ணித் தொழிற்சாலையை ஆயத்தப்படுத்தியிருந்தார்கள். மக்கள் கூப்பேயைக் கேட்டார்கள். கேட்டது கையில் இல்லை. அதே வேளையில் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் ஒன்றையொன்று வீழ்த்த விலைப்போர் தொடுத்தன. யானைகள் பொருதும் களத்தில் இடைப்பட்ட கதையாயிற்று. 1954இல் பேக்கர்டு கம்பெனியோடு இணைந்தனர். தொழிலாளர் சங்கத்தாரும், முதலில் மறுத்தாலும், வேலை நிலைக்கட்டும் என்று அவ்வாண்டே தம் ஊதியத்தைக் குறைத்துக்கொள்ள இசைந்து வாக்களித்தார்கள். மாணவர்கள் இதனைக் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

1959இல் 'லார்க்' என்னும் சிறு வண்டி ஒரு மூச்சுக்காற்றைக் கொடுத்தது. பழைய பெரிய வண்டியின் நடுப்பகுதியை அப்படியே வைத்துக்கொண்டு, முன்னும் பின்னும் குறுக்கிச் செய்தது அது. வெளியே சிறியது, உள்ளே ஆறு பேர் அமரலாம் என்று வாங்கியவர்கள் மகிழ்ந்தார்கள். முதல் ஆண்டிலேயே ஒரு இலட்சத்து முப்பதாயிரத்தை ஒட்டி விற்றது. ஆனால் அவ்வாண்டு இறுதிக்குள் பெரிய கம்பெனிகள் மூன்றும் தத்தம் சிறு வண்டிகளை இறக்கின. 1962இல் கண்ணாடி இழையால் உடல் அமைத்த 'அவாந்தி' வந்தது, அதுவும் காப்பாற்றவில்லை. 1963 டிசம்பர் 9ஆம் நாள், சௌத் பெண்ட் தொழிற்சாலை மூடப்படும் என்று அறிவித்தார்கள். கிறிஸ்துமஸுக்குப் பதினாறு நாள் இருந்தது. டிசம்பர் 20இல் அங்கே கடைசி வண்டி வெளிவந்தது. கனடா நாட்டு ஹாமில்டன் நகரில் இருந்த சிறு தொழிற்சாலை 1966 மார்ச்சு வரை ஓடி நின்றது.

வண்டிகளுக்கு வந்த கேடு இதனோடு முடிந்தது. மனிதர்களுக்கு வந்ததைச் சொல்ல வேண்டும். நான் ஓய்வூதியம் வாங்குபவன். ஆதலால் இப்பகுதியை விரைந்து கடக்க எனக்கு மனம் வரவில்லை. 1950இல் கம்பெனியும் சங்கமும் ஓர் ஓய்வூதியத் திட்டம் செய்துகொண்டன. அதற்கு முன் உழைத்த ஆண்டுகளும் கணக்கில் சேரும் என்றார்கள். ஆனால் அதற்குரிய பணத்தை உடனே நிதியில் கட்டவில்லை. முப்பது ஆண்டுகளில் சிறிது சிறிதாகக் கட்டுவது என்பது ஏற்பாடு. கட்டி முடியும் முன்னரே வாக்களித்த தொகையை மேலும் உயர்த்தினார்கள். தாளில் ஓய்வூதியம் வளர்ந்தது. பெட்டியில் பணம் அவ்வாறு வளரவில்லை. தொழிற்சாலை மூடியபோது பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். ஏற்கனவே ஓய்வு பெற்றோரும் அறுபது வயது கடந்தோருமாக ஏறத்தாழ 3,600 பேருக்கு முழுத்தொகை கிடைத்தது. நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட 4,000 பேருக்கு, அவர்களுக்கு உரியதில் நூற்றுக்குப் பதினைந்து பங்கே கிடைத்தது. அவர்களுடைய சராசரி வயது 52. சராசரி உழைப்பு 23 ஆண்டு. எஞ்சியவர்களுக்கு ஒன்றுமில்லை. ஐம்பத்தொன்பது வயதுடையவர் ஒருவரையும் அறுபது நிறைந்த அவருடைய தோழரையும் ஒரே பட்டறையில் அருகருகே நிறுத்திப் பாருங்கள்.

மலைப்பிடிப்பு வைத்தவர்கள், எந்திரத்தைப் பழுதறச் செய்தவர்கள் இவர்களே. அவர்கள் செய்த வண்டிகளைப் போற்றுவோர் 1962இலேயே சங்கம் அமைத்து, உதிரிப்பாகங்களைத் தேடிப் பரிமாறிக்கொண்டு, அவற்றை இன்றும் ஓட்டிவருகிறார்கள். கம்பெனியும் வேறு தொழில்களில் முதலிட்டிருந்தபடியால், வண்டி செய்வதை விட்டபின்னும் சில காலம் நிலைத்தது.

சௌத் பெண்ட் தொழிலாளர்களின் செய்தி வாஷிங்டன் வரை சென்றது. வாதங்கள் பத்து ஆண்டுக்கு மேல் நீடித்தன. 1974 செப்டம்பர் 2ஆம் நாள் ஜனாதிபதி ஜெரால்டு ஃபோர்டு ஓய்வூதியப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். வாக்களித்த ஓய்வூதியத்துக்கு ஏற்பப் பணம் ஒதுக்கப்பட வேண்டும் என்றும், நிதி முறிந்தால் ஒரு வரம்பு வரை ஈடு செய்ய அரசுக் காப்புக் கழகம் ஒன்று இருக்க வேண்டும் என்றும் அச்சட்டம் விதித்தது. முன்னரே முறிந்துபோன நிதிகளுக்கு அது பொருந்தவில்லை; ஆதலால் ஸ்டூடிபேக்கர் தொழிலாளர்களுக்கு அதனால் ஒரு டாலரும் வரவில்லை.