நாடாவில் நின்ற சொல்



சொல்லைத் தொழிலாகவும் தவமாகவும் கொண்டோர் கூடியுள்ள அவை இது. ஆதலின், சொல்லால் ஓர் ஆட்சி வீழ்ந்த வரலாற்றை இங்கு எண்ணிப் பார்ப்பது பொருத்தமாகும். அமெரிக்க அதிபர் ரிச்சர்டு நிக்சன் 1974ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் பதவி துறந்தார். அந்நாட்டு வரலாற்றில் பதவியிலிருந்து விலகிய அதிபர் அவர் ஒருவரே. எந்தப் படையும் அவரை எதிர்த்து எழவில்லை. அவருடைய வாயினின்று பிறந்து, நாடாவில் பதிந்த சொற்களே அவருக்கு எதிர்ச்சான்றாகி நின்றன.

1972 ஜூன் 17ஆம் நாள் பின்னிரவில் இக்கதை தொடங்குகிறது. வாஷிங்டன் நகரின் வாட்டர்கேட் கட்டடத் தொகுதியில் இரவுக் காவல் புரிந்தவர் பிராங்க் வில்ஸ் என்னும் 24 வயது இளைஞர். கதவொன்றின் தாழ் விழாதவாறு ஒட்டுநாடா ஒட்டப்பட்டிருப்பதைக் கண்ட அவர், அதனை உரித்தெடுத்தார். மீண்டும் வந்து பார்த்தபோது, கதவில் புதிய நாடா இருந்தது. உடனே காவல்துறையை அழைத்தார். ஜனநாயகக் கட்சியின் தேசியக் குழு அலுவலகத்துள் ஐவர் பிடிபட்டனர். அவருள் ஒருவர், நிக்சனை மீண்டும் தேர்ந்தெடுக்கப் பாடுபட்ட குழுவின் பாதுகாப்புப் பொறுப்பாளர். வில்ஸ் அவ்விரவில் எழுதிய பணிக்குறிப்பேடு இன்று அந்நாட்டின் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளது.

வெள்ளை மாளிகையின் செய்தித் தொடர்பாளர் ரொனால்டு சீக்லர், அது மூன்றாந்தரத் திருட்டு முயற்சி என்று சொல்லி ஒதுக்கினார். அவ்வாண்டு நவம்பரில் நிக்சன் 50 மாநிலங்களுள் 49இல் வெற்றி பெற்றார். மக்கள் தீர்ப்பளித்துவிட்டனர், இனிக் கேள்வி எதற்கு என்னும் எண்ணம் ஓங்கியது. ஆனால் தேர்தலில் பெற்ற வெற்றி ஆட்சி செய்யும் உரிமையைத் தருமேயன்றிக் குற்றத்தை மறைக்கும் உரிமையைத் தாராது. அமெரிக்க அரசமைப்பு இவ்விரண்டையும் வேறுபடுத்தியே வைத்திருந்தது. அந்த வேறுபாடு ஏட்டளவில் நின்றுவிடுமா, நடைமுறைக்கு வருமா என்பதே அடுத்த ஈராண்டுகளின் போராட்டமாயிற்று.

1973 ஏப்ரல் 17ஆம் நாள் சீக்லர் புதுமையான சொல்லொன்றை வழங்கினார். வாட்டர்கேட் குறித்து முன்னர்ச் சொன்னவை யாவும் இப்போது 'செயலற்றவை' ஆகிவிட்டன என்றார். பொய் என்று ஒப்புக்கொள்ளவும் இல்லை. மெய் என்று நிலைநாட்டவும் இல்லை. பழுதான பொறியைப் பற்றிப் பேசுவதுபோல் பழைய கூற்றுகளைப் பற்றிப் பேசினார். அதிகாரம் நெறி பிறழும்போது முதலில் நெறி பிறழ்வது அதன் மொழியே என்பதற்கு இஃதொரு தெளிவான சான்று. அரசு சொல்லும் சொல்லில் பொருள் எங்கே மறைக்கப்படுகிறது என்று கண்டு சொல்வது, கவிஞரின் கடமைகளுள் ஒன்றன்றோ!

1973 ஜூலை 16ஆம் நாள், செனட் விசாரணைக் குழுவின்முன் அலெக்சாண்டர் பட்டர்பீல்டு என்னும் முன்னாள் அலுவலர் சாட்சி சொன்னார். அதிபரின் அலுவலறையில் நிகழும் உரையாடல்கள் அனைத்தும் 1971ஆம் ஆண்டு முதல் ஒலிநாடாவில் தாமாகவே பதிவாகி வருகின்றன என்பதை அவர் உலகறியச் செய்தார். தம் ஆட்சியின் வரலாற்றுக்குச் சான்றாக விளங்கட்டும் என்று நிக்சன் சேர்த்துவைத்த நாடாக்கள் அவை. வரலாற்றுக்கெனச் சேர்த்தவற்றை இப்போது வழக்குமன்றம் கேட்டது.

நாடாக்களைக் கேட்ட தனி வழக்குரைஞர் ஆர்ச்சிபால்டு காக்ஸை நீக்குமாறு 1973 அக்டோபர் 20, சனிக்கிழமையன்று அதிபர் ஆணையிட்டார். நீதித்துறைத் தலைவர் எலியட் ரிச்சர்ட்சன் அவ்வாணையை ஏற்க மறுத்துப் பதவி விலகினார். அவருக்கு அடுத்த நிலையிலிருந்த வில்லியம் ரக்கல்ஷாசும் மறுத்துப் பதவி நீங்கினார். மூன்றாமவர் ராபர்ட் போர்க்கே அதை நிறைவேற்றினார். மேலிடத்து ஆணைக்கு 'இல்லை' என்று சொன்ன அவ்விருவரும் அதிபரே அமர்த்தியவர்கள் என்பது நோக்கத்தக்கது. பொறுப்புடைமை சட்டநூலில் மட்டும் வாழ்வதன்று. நாற்காலியை இழக்கத் துணிந்த மனிதரிடத்தும் அது வாழ்கிறது.

பின்னர் வந்த ஒரு நாடாவில் பதினெட்டரை நிமிடங்கள் அழிந்திருந்தன. அழிப்பு ஐந்து முறையேனும் நிகழ்ந்துள்ளது என்று வல்லுநர் குழு கண்டறிந்தது. 1974 ஏப்ரல் இறுதியில் 1,200 பக்கங்களுக்கும் மேற்பட்ட உரையாடல் படிகளை அதிபர் வெளியிட்டார். அவையும் கத்தரிக்கப்பட்டவை. 'வசைச்சொல் நீக்கப்பட்டது' என்னும் குறிப்பு அவற்றில் மீண்டும் மீண்டும் வந்தது. நீக்கிய சொல்லைக் காட்டிலும் நீக்கியதன் தடமே மக்கள் நெஞ்சில் ஆழமாய்ப் பதிந்தது.

1974 ஜூலை 24ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கில் அமர்ந்த எண்மரும் ஒருமனதாக, நாடாக்களை ஒப்படைக்க வேண்டும் என்றனர். தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதி வாரன் பர்கர், நிக்சனே அமர்த்தியவர். அதிபரின் உரையாடல்களுக்கு மறைபொருள் காக்கும் உரிமை உண்டு. ஆயினும் குற்ற வழக்கிற்குத் தேவையான சான்றை மறுக்கும் அளவுக்கு அவ்வுரிமை வரம்பற்றதன்று என்பது அத்தீர்ப்பின் சாரம்.

மறுநாள் பிரதிநிதிகள் அவையின் நீதித்துறைக் குழுவில் டெக்சாஸ் மாநிலத்தின் பார்பரா ஜோர்டன் பேசினார். கறுப்பினப் பெண்மணி. 1787இல் அரசமைப்பு எழுதப்பட்டபோது, 'மக்களாகிய நாம்' என்ற தொடக்கச் சொற்களுள் தம் போன்றோர் அடங்கவில்லை என்பதை அவர் நினைவூட்டினார். அதன்பின், அதே அரசமைப்பில் தமக்குள்ள நம்பிக்கை முழுமையானது என்றும், அது சிதைக்கப்படுவதைக் கைகட்டிப் பார்த்திருக்க இயலாது என்றும் முழங்கினார். தம்மை விலக்கிவைத்த சொல்லை, அதனை எழுதியவரினும் மேலாகப் பொருட்படுத்திக் காக்க முன்வந்த பெருமை அவருடையது.

ஆகஸ்டு 5ஆம் நாள் வெளியான நாடா ஐயத்தை அறவே அகற்றியது. திருட்டு நடந்து ஆறே நாள்களில், 1972 ஜூன் 23ஆம் நாள் பதிவானது அது. உளவு நிறுவனத்தைக் கொண்டு காவல் புலனாய்வைத் தடுக்க அதிபர் இசைந்தது அவர் குரலிலேயே கேட்டது. அவருடைய கட்சியினரும் அவரைக் கைவிட்டனர். நான்காம் நாள் அவர் விலகினார்.

இவ்வரலாறு அறத்தின் முழு வெற்றி என்று மகிழ்வதற்கில்லை. 1974 செப்டம்பர் 8ஆம் நாள் புதிய அதிபர் ஜெரால்டு போர்டு, நிக்சனுக்கு முழுமன்னிப்பு வழங்கினார். உதவியாளர் பலர் சிறை சென்றனர். தலைவர் நீதிமன்றக் கூண்டில் நிற்கவே இல்லை. அதிபரின் ஆவணங்கள் நாட்டுக்கே உரியவை என்னும் சட்டம் 1978இல் வந்தது. ஆயினும் 2024 ஜூலை 1ஆம் நாள், அதே உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்னும் பெரும்பான்மையில், முன்னாள் அதிபர் தம் அரசமைப்பு அதிகாரத்தின் உட்கருவில் செய்த செயல்களுக்குக் குற்ற வழக்கிலிருந்து முழுக் காப்பும், ஏனைய அலுவல் செயல்களுக்குக் குறைந்தது ஊகக் காப்பேனும் உண்டு என்றது. 1974இல் வகுத்த வரம்பு எவ்வளவு வலியது என்னும் கேள்வி மீண்டும் எழுந்துள்ளது.

சட்டம் இறுகலாம், தளரலாம். நீதிமன்றம் மாறலாம். இவற்றுக்கெல்லாம் முன்நிபந்தனையாக ஒன்று வேண்டும். ஆள்வோர் சொன்ன சொல், ஆள்வோரின் கைக்கு எட்டாத இடத்தில், அழியாது காக்கப்படல் வேண்டும். காவலாளியின் குறிப்பேடும் நீதிமன்றத்தின் ஏடும் அப்பணியைச் செய்தன. சொல்லைத் திரியாது காப்பவர் இல்லாத நாட்டில் வழக்கும் இல்லை, தீர்ப்பும் இல்லை. சொல்லைக் காக்கும் பணியில் பத்தாண்டு கண்ட இவ்வட்டம், அப்பணியின் அருமையை நன்கறியும்.